மூட்டில் எண் இல்லாத தொழிலாளி

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையையோ அனல்மின் நிலையத்தையோ சாலையிலிருந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுபவை கோபுரங்களும் புகைபோக்கிகளும் உருண்டைத் தொட்டிகளும்தாம் என்றாலும், அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து ஆலையாக இயங்க வைப்பவை அவற்றுக்கிடையே அடுக்கடுக்காக ஓடும் குழாய்களே. கச்சா எண்ணெய், நீராவி, அமிலம், குளிர்நீர், அழுத்தக் காற்று என ஒவ்வொன்றும் தனித்தனிக் குழாயில், அதற்கென விதிக்கப்பட்ட அழுத்தத்திலும் வெப்பத்திலும் செல்கின்றன. இக்குழாய்களை வரைபடம் பார்த்து அளந்து, வெட்டி, வளைவு கொடுத்து, நிறுத்தி, இணைப்புக்குத் தயார் செய்பவரே ஆலைக் குழாய்ப் பொருத்துநர். தொழிற்களத்தில் அவரைப் பைப் ஃபிட்டர் என்பார்கள். வீட்டுக் குழாயைச் சரிசெய்யும் பிளம்பரும் இவரும் ஒருவரே என்ற எண்ணம் படித்தவர்களிடமும் உண்டு. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஓரிரு கிலோ அழுத்தத்தையே தருகிறது. பெரிய அனல்மின் நிலையத்தின் முதன்மை நீராவிக் குழாயிலோ அது 150 கிலோவைத் தாண்டுகிறது, நீராவியின் வெப்பமும் 540 பாகை செல்சியஸ் அளவில் இருக்கிறது. அங்கே ஒரு மூட்டு விட்டுப்போனால் தரை நனைவதோடு முடியாது.

இத்தொழிலைப் புரிந்துகொள்ள முதலில் தெரிய வேண்டியது, பொருத்துநர் பற்றவைப்பவர் அல்லர் என்பதாகும். இரண்டு குழாய் முனைகளை உருக்கி ஒன்றாக்குவது வெல்டரின் வேலை. அம்முனைகளை உருக்குவதற்கு ஏற்ற நிலையில் கொண்டுவந்து நிறுத்துவது பொருத்துநரின் வேலை. முனைகளை 37½ பாகை சாய்வாகச் சீவி, இரண்டையும் ஒரே மையக்கோட்டில் வைத்து, நடுவில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, கடிகாரத்தின் 12, 3, 6, 9 மணி நிலைகளில் புள்ளி வைத்தாற்போல் சிறு பற்றுகள் போட வைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஃபிட்டப் என்று பெயர். இடைவெளி குறைந்தால் உருகிய உலோகம் மூட்டின் அடிவரை இறங்காது. கூடினால் உட்புறம் வழிந்து கட்டியாகி ஓட்டத்தைத் தடுக்கும். ஒரு முனை மற்றதைவிடச் சிறிது உயர்ந்து நின்றாலும் உட்சுவரில் படிக்கட்டு போல ஒரு விளிம்பு உண்டாகும். எக்ஸ்ரே படத்தில் குறை தெரிந்தால் திட்டு வாங்குபவர் பெரும்பாலும் வெல்டர்தான். ஆனால் மோசமான ஃபிட்டப்பின் மேல் நல்ல வெல்டிங் போட எவராலும் முடியாது என்பது பட்டறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

குழாயின் அளவே புதிதாகச் சேர்ந்தவரைக் குழப்பிவிடும். நான்கு அங்குலக் குழாய் என்று கையில் கொடுக்கப்படுவதன் வெளிவிட்டம் 114.3 மி.மீ., அதாவது நாலரை அங்குலம். உள்விட்டமோ சுவரின் தடிமனைப் பொறுத்து மாறும். தடிமனைக் குறிக்க ஷெட்யூல் என்ற எண் வழங்குகிறது. ஷெட்யூல் 40 எனில் சுவர் 6.02 மி.மீ., உள்விட்டம் 102.3 மி.மீ.; ஷெட்யூல் 80 எனில் சுவர் 8.56 மி.மீ., உள்விட்டம் 97.2 மி.மீ. வெளிவிட்டத்தை மாற்றாமல் தடிமனை உள்நோக்கி வளரவிட்டதற்குக் காரணம் உண்டு: எந்தத் தடிமன் குழாய்க்கும் அதே அளவுத் தாங்கியும் பிடிப்பானும் பொருந்த வேண்டும். 14 அங்குலத்திலிருந்து மேலே போனால் இந்தக் குழப்பம் தீர்ந்து, பெயரும் வெளிவிட்டமும் ஒன்றாகிவிடுகின்றன.

பொருத்துநரின் உண்மையான பாடநூல் ஐசோமெட்ரிக் வரைபடம். களத்தில் அதை ஐசோ என்றே சுருக்கிச் சொல்வார்கள். நீளம், அகலம், உயரம் என்ற மூன்று திசைகளையும் ஒரே தாளில் காட்டுவதற்காகக் கிடைத்திசைக் கோடுகளை 30 பாகை சாய்வாக வரையும் முறை இது. தாளின் ஓர் ஓரத்தில் வடதிசை அம்பும், குழாயின் உயர அளவுகளும், பொருள் பட்டியலும், எந்த மூட்டைப் பட்டறையில் முடிக்க வேண்டும், எதை ஆலையில் தூக்கி நிறுத்திய பின் முடிக்க வேண்டும் என்ற குறியும் இருக்கும். பட்டறையில் இணைத்து முடித்த துண்டுக்கு ஸ்பூல் என்று பெயர். வரைபடத்தில் தாளின் மேல்நோக்கி ஏறும் கோடு உண்மையில் வானத்தை நோக்கிப் போகிறதா, வடக்கு நோக்கிப் போகிறதா என்பதை ஒரே பார்வையில் சொல்லத் தெரியாதவர் எத்தனை ஆண்டு ரெஞ்ச் பிடித்திருந்தாலும் உதவியாளராகவே நின்றுவிடுகிறார்.

வரைபடத்தைப் படித்தபின் வருவது கணக்கு. அதையும் ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்பதே நல்லது. கிடைமட்டமாக வரும் ஒரு நான்கு அங்குலக் குழாய் எதிரே இருக்கும் உத்திரத்தைத் தவிர்க்க 300 மி.மீ. மேலேறி, அதேவேளை 400 மி.மீ. பக்கவாட்டில் விலகி, பிறகு பழைய திசையிலேயே செல்ல வேண்டும் என்று கொள்வோம். இதற்கு எல்போ எனப்படும் 45 பாகை வளைவுத் துண்டுகள் இரண்டும் அவற்றுக்கு நடுவே ஒரு நேர்துண்டும் தேவை. அந்தத் துண்டை எத்தனை மில்லிமீட்டருக்கு வெட்டுவது என்பதே கேள்வி. பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தின்படி 300, 400 ஆகியவற்றுக்கான மூலைவிட்டம் 500. குழாய் 45 பாகையில் செல்வதால் அதை 1.414 ஆல் பெருக்க, எல்போ மையத்திலிருந்து மறு எல்போ மையம் வரை 707 மி.மீ. கிடைக்கிறது. ஆனால் எல்போவும் இடத்தை அடைக்கிறது. நான்கு அங்குல 45 பாகை நீள்வளைவு எல்போவில் மையத்திலிருந்து முனை வரை 64 மி.மீ. என்பதால் இரண்டுக்கும் 128 கழிய வேண்டும். வெல்டிங்குக்கு விடும் இடைவெளி மூன்று மூன்றாக ஆறு. எஞ்சுவது 573 மி.மீ. வெட்டும் கோட்டை இந்த எண்ணில்தான் குறிக்க வேண்டும்.

கடைசியாகக் கழிக்கும் ஆறு மில்லிமீட்டரை மறந்துவிடுவது தொடக்கநிலையாளரின் வழக்கமான பிழை. ஆறுதானே என்று செயின் பிளாக் போட்டு இழுத்து, முனையோடு முனையை வலுக்கட்டாயமாகச் சேர்த்துவிடுவதும் உண்டு; கண்ணுக்கு மூட்டு சரியாகவே தெரியும். இழுத்துப் பிடித்த அந்த விசை எங்கும் போய்விடுவதில்லை. குழாயின் மறுகோடியில் இருக்கும் பம்பின் வாயை இழுத்துக்கொண்டே இருக்கிறது. பம்பின் தண்டு நேர்கோட்டிலிருந்து பிசகி, பேரிங் தேய்ந்து, சில மாதங்களில் பம்ப் சத்தம் போடத் தொடங்கும்போது, கோளாறு பம்பில்தான் என்று எல்லோரும் அதைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

கணக்கோடு கைத்திறனும் சேரும் இடம் ஃபிளாஞ்ச். குழாயின் முனையில் பற்றவைக்கப்படும் வட்டத் தட்டான இதில் நான்கின் மடங்காகப் போல்ட் துளைகள் இருக்கும். இரு ஃபிளாஞ்சுகளுக்கு நடுவே கேஸ்கெட் என்னும் அடைப்பு வளையத்தை வைத்துப் போல்ட் போட்டு முறுக்கினால் கழற்றிப் பூட்டக்கூடிய இணைப்பு கிடைக்கிறது. நின்ற நிலையில் ஃபிளாஞ்சின் உச்சியில் ஒரு துளை வரக் கூடாது, இரு துளைகளுக்கு நடுவே உச்சி வர வேண்டும் என்பது பொது விதி. பொருத்துநர் மேலுள்ள அவ்விரு துளைகளிலும் ஒவ்வோர் ஊசியைச் செருகி, அவற்றின் மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை ஃபிளாஞ்சை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். இந்த ஒரு நிமிட வேலையைத் தவறவிட்டால், பிறகு அதில் பூட்டப்படும் வால்வின் கைப்பிடி ஆலையின் ஆயுள் முழுக்கத் தலை சாய்ந்தே நிற்கும். போல்ட்டுகளையும் வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக, சிறிது சிறிதாகப் பல சுற்றுகளில் முறுக்க வேண்டும். இல்லையெனில் கேஸ்கெட் ஒருபுறம் நசுங்கி மறுபுறம் கசியும்.

உலோகம் பற்றிய அறிவும் வேண்டும். கார்பன் எஃகு தேய்த்த கிரைண்டர் தட்டால் துருப்பிடிக்கா எஃகைத் தேய்த்தால், ஒட்டிய இரும்புத் துகள் துருவேறி அந்த இடத்தைக் கெடுக்கும் என்பதால் இரண்டுக்கும் தனித்தனித் தட்டுகள் வைக்கப்படுகின்றன. சூடேறிய குழாய் நீளும் என்பதை அதைவிட முக்கியமாக நினைவில் கொள்ள வேண்டும். பத்து மீட்டர் எஃகுக் குழாய் 100 பாகை சூடேறினால் ஏறத்தாழ 12 மி.மீ. நீளும், 30 மீட்டர் நீராவிக் குழாய் 200 பாகை சூடேறினால் உள்ளங்கை அகலத்துக்குக் கிட்டத்தட்ட 70 மி.மீ. நகரும். ஆலைக் குழாய்கள் நேரே போகாமல் நடுநடுவே ப வடிவில் மடிந்து செல்வது இந்த நீட்சிக்கு இடம் தருவதற்கே. அழகுக்கும் அல்ல, இடமின்மையாலும் அல்ல. சில தாங்கிகள் குழாயை இறுகப் பிடிக்கும், சில வெறுமனே தாங்கி நகரவிடும். நகர வேண்டிய இடத்தில் அழகாக ஒரு பற்று போட்டு இறுக்கிவிட்ட பொருத்துநர் ஆலைக்குத் தீங்கு செய்தவராகிறார்.

இவ்வறிவு இல்லாமல் போட்ட ஒரு குழாய் என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் 1974 ஜூன் 1 அன்று நடந்த வெடிப்பே உலகெங்கும் சொல்லப்படும் பாடம். அங்கே ஒன்றன்பின் ஒன்றாகப் படியிறங்கிய உயரங்களில் நின்ற ஆறு உலைகலன்களில் ஐந்தாவதில் விரிசல் கண்டது. அதை அகற்றிவிட்டு நான்காவதையும் ஆறாவதையும் தற்காலிகக் குழாய் ஒன்றால் இணைத்தார்கள். கலன்களின் வாய் 28 அங்குலம்; கையிருப்பில் இருந்த குழாய் 20 அங்குலம். உயர வேறுபாட்டுக்காக அது இடையில் வளைக்கப்பட்டு, இரு முனைகளிலும் துருத்தி போல் நெளியும் இணைப்புகளுடன் பொருத்தப்பட்டது. அதற்கு முறையான வரைபடமே இல்லை. பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் முழு அளவில் வரைந்த படம்தான் இருந்தது. இரு முனைகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாதபோது உள்ளழுத்தம் அவற்றை எதிரெதிராகத் தள்ளிக் குழாயையே முறுக்கித் திருப்பும் என்பதை எவரும் கணக்கிடவில்லை. சாரக்கட்டுக் கம்பிகள் அதை அடியில் தாங்கியதே தவிர, இறுகப் பிடித்திருக்கவில்லை. இரண்டு மாதங்களுக்குப் பிறகு குழாய் பிய்த்துக்கொண்டது. வெளியேறிய சைக்ளோஹெக்ஸேன் ஆவி தீப்பற்றி 28 பேர் இறந்தார்கள். அது வாரநாளாக இருந்திருந்தால் அலுவலகத்திலும் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். சனிக்கிழமையாக இருந்ததால் எண்ணிக்கை அவ்வளவோடு நின்றது. பற்றவைத்த கையும் பொருத்திய கையும் அங்கே திறமையற்றவையாக இருக்கவில்லை. வரைபடம் எங்கே என்று கேட்கத்தான் ஆளில்லை. இது சரியாக வராது என்று சொல்லும் அளவுக்கு அறிந்திருப்பதும் பொருத்துநரின் தகுதியில் அடங்கும்.

இத்தகைய தகுதியைத் தமிழ்நாட்டில் ஓர் இளைஞர் எங்கே பெறுவது என்பதற்கு நேரான விடை இல்லை. பத்தாம் வகுப்பு முடித்தவர் ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவில் இரண்டு ஆண்டுகள் படித்து, அகில இந்தியத் தேர்வு எழுதித் தேசியத் தொழிற்சான்றிதழ் பெறலாம். அரம் பிடிப்பது, துளையிடுவது, துல்லியமாக அளப்பது, இயந்திர உறுப்புகளைப் பொருத்துவது ஆகியவற்றை அப்பயிற்சி நன்றாகவே கற்பிக்கிறது; குழாய் வேலைக்கு அதில் கிடைப்பது சிறு பகுதியே. பிளம்பர் பிரிவு ஓராண்டு. அதன் நோக்கம் பெரும்பாலும் கட்டடக் குழாய்கள். இவ்விரண்டுக்கும் நடுவே விழுந்துவிட்ட தொழிலாக ஆலைக் குழாய்ப் பொருத்தல் நிற்கிறது.

இடைவெளியை நிரப்புவது தொழில் பழகுநர் பயிற்சி. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்படி ஆலைகள் உதவித்தொகை கொடுத்து இளைஞர்களைப் பயிற்சிக்கு எடுக்கின்றன. முடித்துத் தேறியவருக்குத் தேசியத் தொழில் பழகுநர் சான்றிதழ் கிடைக்கிறது. பைப் ஃபிட்டர் என்ற பெயரிலேயே பழகுநரை எடுக்கும் இடங்களும் உண்டு. மும்பையின் மசகான் கப்பல் கட்டும் தளம் பத்தாம் வகுப்பு முடித்தவர்களை நேரடியாக இப்பிரிவில் சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் இத்தொழிலுக்கு இயற்கையான பள்ளிக்கூடம் திருச்சி. திருவெறும்பூரில் பெல் என்று எல்லோரும் அழைக்கும் பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை 1960களில் வந்தபின், அதற்கு உறுப்புகள் செய்துதரும் பட்டறைகள் துவாக்குடி வரை பரவின. அந்நிறுவனம் 1975இல் பற்றவைப்பு ஆய்வு நிறுவனம் ஒன்றையும் அங்கே தொடங்கியது. அந்தப் பட்டறைகளில் உதவியாளராகச் சேர்ந்து, கிரைண்டர் பிடித்து, முனை சீவக் கற்று, மூத்த பொருத்துநரின் பக்கத்தில் நின்று அளவு சொல்லக் கற்று, எட்டுப் பத்து ஆண்டுகளில் பொருத்துநராகிவிட்டவர்களே சான்றிதழோடு வந்தவர்களைவிட அதிகம் என்று சொன்னால் அங்கே எவரும் மறுக்கமாட்டார்கள். அவர்களுக்கும் சான்றிதழ் தரும் ஏற்பாடாக, ஏற்கெனவே கற்றதை மதிப்பிட்டு ஏற்கும் அரசுத் திட்டம் உண்டு. அதைக் கேள்விப்பட்டவர்கள்தாம் குறைவு.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் ஏற்பாடு இதற்கு நேர்மாறானது. அங்கே இத்தொழிலுக்கு ஸ்டீம்ஃபிட்டர் என்று பெயர். உரிமமோ பழகுநர் பதிவோ இல்லாமல் எவரும் அதில் கைவைக்க முடியாது. ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 9,000 மணிநேரம். அதில் 720 மணிநேரம் வகுப்பறையில், எஞ்சியது ஊதியத்தோடு களத்தில். பிறகு எழுதும் தேர்வில் 70 விழுக்காடு பெற்றால் பிற மாகாணங்களிலும் செல்லுபடியாகும் சிவப்பு முத்திரைச் சான்று கிடைக்கிறது. வேறு நாட்டில் வேலை பார்த்துவிட்டுக் குடியேறியவரும் தம் அனுபவத்தை மதிப்பிடச் செய்து தேர்வுக்கு உட்காரலாம். ஆனால் எந்த ஆண்டு, எந்த நிறுவனத்தில், எத்தனை மணிநேரம், என்ன வேலை என்று முதலாளிகள் எழுதிய கடிதங்கள் வேண்டும். திருச்சியிலும் துபாயிலும் இருபது ஆண்டு உழைத்துவிட்டு டொராண்டோவில் இறங்கும் தமிழர் திகைத்து நிற்பது இங்கேதான். ஒப்பந்தக்காரரிடம் வாரக்கூலி வாங்கியவர் கையில் கடிதம் ஏது?

நம் ஊரிலிருந்து பெரும்பாலானோர் போவது வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும். அங்கே ஆள் எடுப்பவர்கள் சான்றிதழை ஒரு பார்வை பார்த்துவிட்டு டிரேட் டெஸ்ட் என்னும் செய்முறைத் தேர்வுக்கு அனுப்புகிறார்கள். ஓர் ஐசோவும் சில குழாய்த் துண்டுகளும் கொடுத்து, ஒரு குழாயின் மேல் மற்றொன்று கிளையாக உட்காரும் மீன்வாய் வெட்டைக் குறிக்கச் சொல்வார்கள். 90 பாகை எல்போவை 60 பாகைக்கு எப்படி வெட்டுவாய் என்று கேட்பார்கள். வரைபடம் படிக்கவும் டேப்பும் சுற்றுப்பட்டையும் வைத்துக் குறிக்கவும் தெரிந்தவருக்கு அது அரைமணி வேலை. புறப்படும் முன் பத்தாம் வகுப்புச் சான்றிதழின் மதிப்பையும் அறிந்திருக்க வேண்டும். அது இருந்தால் குடியகல்வுத் துறையின் முன்னனுமதி தேவைப்படாத கடவுச்சீட்டு கிடைக்கிறது. 1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டப்படி பதிவுபெற்ற முகவர்களே ஆள் அனுப்பலாம். அவர்கள் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் வரியும் என்று வரம்பு விதிக்கப்பட்டிருக்கிறது. அதைப் போல ஐந்து மடங்கு கேட்பவர் பதிவுபெற்றவர்தானா என்பதை அரசின் இணையப் பதிவேட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்த குழாய்த்தொடர் ஒன்றைச் சோதிக்கும் நாளில் அதில் தண்ணீரை நிரப்பி, உச்சியில் காற்றை வெளியேற்றி, வடிவமைப்பு அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றிக் குறைந்தது பத்து நிமிடம் நிறுத்திப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு மூட்டின் பக்கத்திலும் அதைப் பற்றவைத்தவரின் எண் எழுதப்பட்டிருக்கும். பன்னாட்டு விதிமுறைகள் வெல்டருக்குத் தனித்தேர்வு வைத்து, எண் கொடுத்து, பல ஆண்டு கழித்தும் யார் கை என்று கண்டறிய வழி செய்திருக்கின்றன. அந்த மூட்டை அளந்து, வெட்டி, நேர்ப்படுத்தி நிறுத்தியவருக்கு அத்தகைய கட்டாயத் தேர்வும் இல்லை, மூட்டில் எண்ணும் பொதுவாக இல்லை. ஐ.டி.ஐ.களில் ஐசோ படிப்பையும் ஃபிட்டப்பையும் மையமாகக் கொண்ட தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்குவதும், ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்ப்பவருக்கும் பணிமணிக் கடிதம் தருவதைக் கட்டாயமாக்குவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. அதுவரை, பட்டறையில் புதிதாகச் சேரும் இளைஞர் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் தேதி, குழாய் அளவு, வரைபட எண், செய்த வேலை ஆகியவற்றை எழுதி, மாதம் ஒருமுறை மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது.